வாக்காளர் பறிக்கப்பட்ட உறுப்பினர்: சுங்கை சிப்புட்டில் இருந்து தொண்டமானின் அரசியல் வாழ்வை ஆராய்தல்

சௌமியமூர்த்தி தொண்டமான் 1947ஆம் ஆண்டு நுவரெலியாத் தொகுதியில் வென்று இலங்கையின் முதல் நாடாளுமன்றத்துக்குச் சென்றார். மக்கள் வாக்களித்து அவர் மறுபடியும் அந்த அவைக்குள் நுழைந்தது 1977ஆம் ஆண்டில்தான். நடுவில் கழிந்த முப்பது ஆண்டுகளில் அவருடைய செல்வாக்குச் சரியவில்லை. தோட்டத்து மக்கள் அவரைக் கைவிடவும் இல்லை. அவருக்கு வாக்களித்தவர்களின் பெயர்களைச் சட்டம் போட்டு வாக்காளர் பட்டியலில் இருந்து நீக்கிவிட்டார்கள். தொகுதியை இழந்த ஒரு பிரதிநிதி எதைக் கைப்பற்றிக்கொண்டு அரசியல் செய்தார், அதனால் அவருடைய மக்கள் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதே இந்த ஆய்வின் கேள்வி.

இதை மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. எல்பில், ஹீவுட், டோவன்பி முதலிய தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர் இது. ஒரே கிராமத்தில் அண்ணன் கண்டிச்சீமைக்கு (இலங்கை மலைநாட்டுக்கு)ப் போக, தம்பி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய குடும்பக் கதைகளை இங்கே இன்றும் கேட்கலாம். 1959இல் இத்தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான துன் வீ. தி. சம்பந்தனின் தந்தை வீராசாமி, 1896இல் தமிழகத்தில் இருந்து வந்து பின்னர் ரப்பர்த் தோட்டக்காரராக உயர்ந்தவர். தொண்டமானின் தந்தை கருப்பையா இலங்கைக்குக் கூலியாளாகப் போய், கங்காணியாகி, இறம்பொடையில் வேவண்டன் தோட்டத்தையே விலைக்கு வாங்கியவர். இரு தந்தையரும் ஏறக்குறைய ஒரே பாதையில் நடந்தார்கள். இரு மகன்களும் தத்தம் நாட்டில் தோட்டத் தமிழரின் தலைவர்களாகி அமைச்சரவையிலும் அமர்ந்தார்கள். ஆனால் ஒருவருக்கு வாக்காளர்கள் இருந்தார்கள். மற்றவருக்கு இல்லாமல் போனார்கள்.

இவ்வூர்ப் பெரியவர்கள் தொண்டமானைப் பற்றிப் பேசினால், யார் ஆண்டாலும் அவர் மந்திரி, கெட்டிக்காரர் என்பார்கள். சிலர் அதைப் பாராட்டாகவும் சிலர் வசையாகவும் சொல்கிறார்கள். இரண்டும் பாதி உண்மைதான் என்பது என் கருத்து. பேரம் பேசுவது அவருடைய சுபாவமாக இருந்திருக்கலாம். அதையே ஒரு சமூகத்தின் முழு அரசியலாக ஆக்கியவை 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்கள்.

கங்காணியின் மகன்

தொண்டமான் 1913ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் தமிழகத்தின் முனப்புதூரில் பிறந்தார். தந்தை இலங்கையில் இருக்க, ஊரிலேயே வளர்ந்து, 1924இல் பதினோரு வயதுச் சிறுவனாகக் கடல் கடந்து, கம்பளையில் புனித அந்திரேயர் கல்லூரியில் படித்தார். ஆகவே சொல்லின் நேர்ப்பொருளில் அவர் குடியேறியவர். ஆனால் அவர் தலைமை தாங்கவிருந்த மக்களில் பெரும்பாலோர் அந்த மலைகளிலேயே பிறந்தவர்கள். குடியேறியவர்கள் என்று பெயர் சூட்டி நாடாளுமன்றம் அவர்களுடைய உரிமையைப் பறித்தபோது, லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பிறந்து லயத்திலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கும் அதே முத்திரைதான் விழுந்தது.

அவர் கொழுந்து பறித்த குடும்பத்துப் பிள்ளை அல்லர், தோட்ட முதலாளியின் மகன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கங்காணிதான் ஊரில் ஆள் திரட்டினார், முன்பணம் கொடுத்தார், பிரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) ஆட்களை நிறுத்தினார், கடனைக் கணக்கில் ஏற்றினார். மலாயாவிலும் கங்காணி முறை இப்படித்தான் நடந்தது. அந்த அதிகாரத்தின் வாசனை தெரிந்த வீட்டில் வளர்ந்தவர் தொழிற்சங்கத் தலைவரானது அவருக்கு இரண்டு வகையில் பயன்பட்டது. துரைமார் (தோட்ட நிர்வாகிகள்) எங்கே அசைவார்கள், எங்கே அசையமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். தொழிலாளர்களும், துரைக்கு முன் கைகட்டி நிற்க வேண்டியிராத ஒருவரைத் தங்கள் பக்கம் பார்த்தார்கள்.

1939இல் இலங்கை அரசு இந்தியத் தினக்கூலிகளை அரசுத் துறைகளில் இருந்து வெளியேற்றத் தொடங்கியது. அதைப் பற்றிப் பேச ஜவாஹர்லால் நேரு கொழும்புக்கு வந்தார். சிதறிக் கிடந்த இந்தியர் அமைப்புகள் அவருடைய முன்னிலையில் இலங்கை இந்தியக் காங்கிரஸாக ஒன்றுபட்டன. அடுத்த ஆண்டு அதன் தொழிற்சங்கம் பிறந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி காவல்துறையின் துப்பாக்கிக்குப் பலியானார். மலையகத்தில் இன்றும் அவரை முதல் தியாகி என்று நினைவுகூர்கிறார்கள். தொண்டமான் கம்பளைக் கிளையில் தொடங்கி, 1945இல் காங்கிரஸின் தலைவரானார்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும்; பின்னால் வரும் பலவற்றுக்கும் வேர் அதில்தான் இருக்கிறது. மலாயாவில் 1946இல் தோன்றிய ம.இ.கா. (மலாயா இந்தியக் காங்கிரஸ்) ஒரு கட்சி, 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பி. பி. நாராயணன் நடத்திய தனி அமைப்பு. இரண்டுக்கும் உறுப்பினர்கள் பொதுவாக இருந்தார்கள். தலைமை பொதுவாக இருக்கவில்லை. இலங்கையிலோ கட்சியும் சங்கமும் ஒரே உடம்பாக இருந்தன. காங்கிரஸ் பின்னர் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டபோது, அந்தப் பெயரே எந்தப் பக்கம் எடை கூடிவிட்டது என்பதைக் காட்டியது.

ஏழு இடங்களும் மூன்று சட்டங்களும்

1947 பொதுத்தேர்தலில் 95 தேர்தல் இடங்களில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை வென்றதும் அதில் அடக்கம். இந்த ஏழை மட்டும் பார்த்தால் நடந்தது விளங்காது. காங்கிரஸ் போட்டியிடாத பல தொகுதிகளிலும் தோட்டத்து வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்கள் பக்கம் சாய்ந்தன. டி. எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 42 இடங்களே கிடைத்திருந்தன. தனித்துப் பெரும்பான்மை இல்லை. தோட்டத்து வாக்குகள் இருக்கும்வரை மலைநாட்டில் தன் இடம் உறுதியாகாது என்று அக்கட்சி கணக்குப் போட்டது என்பதை வரலாற்றாசிரியர்கள் பலரும் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். நானும் அதையே நம்புகிறேன்.

சுதந்திரம் 1948 பிப்ரவரியில் வந்தது. அதே ஆண்டில் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. குடியுரிமைக்குத் தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தையின் தந்தையும் பாட்டனின் தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்ற வகையில் அது வம்சாவளியைக் கேட்டது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத தோட்டங்களில் பாட்டனின் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம் பதிவு மூலம் குடியுரிமை பெற வழி சொன்னது. திருமணமானவர் ஏழு ஆண்டும் ஆகாதவர் பத்து ஆண்டும் தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டும், போதிய வருமானம் இருக்க வேண்டும், மனைவி மக்களும் நாட்டில் இருந்திருக்க வேண்டும். அதே ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை இல்லாதவரின் வாக்கை நீக்கியது. மூன்று சட்டங்களும் தனித்தனியே வாசித்தால் நிர்வாக ஏற்பாடுபோலத் தோன்றும். சேர்த்து வாசித்தால் ஒரு சமூகம் முழுவதும் தேர்தலுக்கு வெளியே நிறுத்தப்பட்டது தெரியும்.

தமிழ்த் தலைவர்கள் இதில் ஒரே அணியாக நிற்கவில்லை. வடக்கின் தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அரசில் சேர்ந்தார், எஸ். ஜே. வி. செல்வநாயகம் அதை ஏற்காமல் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை நிறுவினார். மலையகத் தமிழரின் வாக்கு போனபோது வடக்கில் ஒரு கட்சியே உடைந்தது என்பது இந்த ஊரில் பலரும் அறியாத செய்தி.

தொண்டமானின் மீது நான் வைக்கும் முதல் குறை இந்த இடத்தில் வருகிறது. பதிவுச் சட்டத்தை எதிர்த்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் விண்ணப்பிக்க வேண்டாம் என்றது. கொள்கை அளவில் அது நியாயம். பிறந்த நாட்டில் உரிமைக்காக மனுப் போட வேண்டிய நிலையே அவமானம். ஆனால் கெடு 1951 ஆகஸ்டில் முடிந்தது. இறுதிக் கட்டத்தில்தான் காங்கிரஸ் மனம் மாறி விண்ணப்பிக்கச் சொன்னது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுக்கள் அவசர அவசரமாக நிரப்பப்பட்டன. ஏற்கப்பட்டவர்கள் சுமார் 1,34,000 பேர்தான். ஊருக்குப் போய் ஓராண்டுக்குமேல் தங்கியவரின் வசிப்புத் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. தாயைப் பார்க்கப் போய் நோயில் படுத்தவருக்கும் அதே தீர்ப்புதான். முன்கூட்டியே திரட்டியிருந்தாலும் அதிகாரிகள் நிராகரித்திருப்பார்கள் என்று வாதிடலாம். இருந்தாலும், தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பட்டியல்) பதிவுகளைப் பிரதி எடுத்துச் சேர்க்க இரண்டு ஆண்டுகள் கிடைத்திருக்கும். அந்தக் காலம் வீணானது.

1952இல் தேர்தல் வந்தபோது தோட்டத்துப் பட்டியல்கள் காலியாகிவிட்டன; காங்கிரஸுக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை. தொண்டமான் சத்தியாக்கிரகம் நடத்தினார். வாக்குரிமை நீக்கத்தை எதிர்த்த கோடக்கன் பிள்ளை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1953இல் தோற்றது. நீதிமன்றக் கதவும் அத்தோடு சாத்தப்பட்டது.

இதே ஆண்டுகளில் சுங்கை சிப்புட்

மலாயாவின் நிலை அன்று இதைவிடச் சிறந்ததாக இருக்கவில்லை. 1948 ஜூன் 16ஆம் நாள் இவ்வூர்த் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. 1955 தேர்தலில் வாக்காளர்களில் இந்தியர் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. நிலைமையை மாற்றியது 1957ஆம் ஆண்டின் அரசியலமைப்பு. மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு)ப் பின் இங்கே பிறந்தவருக்குப் பிறப்பாலேயே குடியுரிமை கிடைத்தது. முந்தைய 12 ஆண்டுகளில் 8 ஆண்டு வசித்தவர் பதிவு செய்துகொள்ளலாம். முதல் ஓராண்டுக்கு மலாய் மொழித் தேர்வில் இருந்தும் விலக்கு கிடைத்தது. சம்பந்தன் 1959இல் சுங்கை சிப்புட்டில் நின்று வென்றபோது, அவருக்கு வாக்களிக்கத் தோட்டத்து வாக்காளர்கள் இருந்தார்கள்.

ஆனால் அந்த ஓராண்டு எல்லாத் தோட்டங்களிலும் ஒன்றுபோல் பயன்படவில்லை. கிராணியோ (தோட்ட எழுத்தரோ) வாத்தியாரோ உட்கார்ந்து தாளை நிரப்பிக் கொடுத்த தோட்டத்தில் குடிமகனுக்குரிய நீல ஐசி (அடையாள அட்டை) வந்தது. கேட்பாரற்ற தோட்டத்தில் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு ஐசியே தங்கிவிட்டது. இவ்வூரில் சிறு வயது முதல் ரப்பர்ப் பால் வெட்டிய ஒரு பாட்டியை நான் அறிவேன். தேர்தல் நாளில் பேரப்பிள்ளைகளோடு வாக்குச்சாவடிக்கு வருவார். பிள்ளைகள் வரிசையில் நிற்க, அவர் வெளியே நிழலில் நாற்காலி போட்டு அமர்ந்து, அவர்களுடைய பைகளைப் பார்த்துக்கொள்வார். நெகிழி உறைக்குள் இருக்கும் அவருடைய சிவப்பு ஐசியின் மூலைகள் தேய்ந்து வெளுத்துவிட்டன. உனக்கு ஏன் பாட்டி ஓட்டு இல்லை என்று பிள்ளைகள் கேட்டால், அப்போது தாளை எழுத ஆள் இல்லை ஐயா என்பதுதான் அவர் சொல்லும் விடை. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்றபோது, இப்படிப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி இந்தியாவுக்குத் திரும்பினார்கள். இலங்கையில் சட்டத்தால் ஒட்டுமொத்தமாக நடந்தது, இங்கே அலட்சியத்தாலும் அறியாமையாலும் வீடு வீடாக நடந்தது.

நியமன நாற்காலி

1956இல் காங்கிரஸின் இன்னொரு தலைவரான அப்துல் அஸீஸ் பிரிந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸை அமைத்தார். போட்டிச் சங்கம் வந்த பின் தொண்டமானுக்குச் சந்தா கட்டும் உறுப்பினர் எண்ணிக்கையே உயிர்நாடியானது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர் சங்கப் பட்டியலில் இருந்தார்; தேயிலை அன்று நாட்டின் அந்நியச் செலாவணிக்கு முதுகெலும்பு; கொழுந்து ஒரு வாரம் பறிக்கப்படாவிட்டால் கொழும்பில் அமைச்சர்கள் கூடுவார்கள். வாக்கு செய்ய வேண்டிய வேலையை வேலைநிறுத்தம் செய்தது.

இந்த வலிமையைப் பார்த்துத்தான் 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு அவரை நியமன உறுப்பினராக்கியது. தேர்தல் வழியாகப் பிரதிநிதித்துவம் பெறாத பிரிவினருக்கென்று ஆறு நியமன இடங்கள் இருந்தன. பிரதிநிதித்துவத்தைப் பறித்த அதே அரசமைப்பு, பறிக்கப்பட்டவர்களின் தலைவரை மேலிருந்து கூப்பிட்டு உட்கார வைத்தது. அந்த நாற்காலியை அவர் ஏற்றது சரி என்றே நினைக்கிறேன். வெளியே நின்றிருந்தால் பேசுவதற்கு ஒரு குரலும் இருந்திராது. ஆனால் நியமனம் பெற்றவர் நியமித்தவரிடம் எவ்வளவு தூரம் போராட முடியும் என்பது நான்கே ஆண்டுகளில் தெரிந்துவிட்டது.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்பது ஏற்பாடு. 1974இல் அந்த மீதியையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை. நாடாளுமன்றத்திலேயே அமர்ந்திருந்த அவர்களுடைய தலைவரின் எதிர்ப்பும் அதைத் தடுக்கவில்லை. தொண்டமானின் வாழ்வில் மிகப் பெரிய தோல்வி இதுதான். 1965இல் அவர் ஐக்கிய தேசியக் கட்சியின் டட்லி சேனநாயக்காவின் பக்கம் சேர்ந்து மறுபடி நியமனம் பெற்றார். 1948இல் வாக்கைப் பறித்த கட்சியோடா என்று கேட்டவர்கள் அன்றே இருந்தார்கள். இரண்டு பெரிய கட்சிகளின் கைகளிலும் கறை இருந்தபோது, எந்தக் கை அடுத்து எதைத் தரும் என்பதைத் தவிர அவருக்குத் தேர்ந்தெடுக்க வேறு என்ன இருந்தது?

1970க்குப் பின் வந்த ஆண்டுகள் மலையகத்துக்குக் கொடியவை. நிலச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாயின. உணவுத் தட்டுப்பாட்டில் லயங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. 1972இல் தொண்டமான் வடக்கின் தலைவர்களோடு தமிழர் கூட்டணியில் சேர்ந்தார். 1976இல் அது தனிநாட்டுக் கோரிக்கையை ஏற்றபோது, மலையகத்துக்கு அது தீர்வாகாது என்று விலகி நின்றார். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறி வாழும் மக்களின் தலைவர் வேறு முடிவு எடுத்திருக்க முடியாது.

வாக்கு திரும்பி வந்தபோது

1977இல் மூவர் தேர்ந்தெடுக்கப்படும் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியில் அவர் மூன்றாம் உறுப்பினராக வென்றார். அடுத்த ஆண்டு ஜே. ஆர். ஜெயவர்த்தனாவின் அமைச்சரவையில் சேர்ந்தார். 1977, 1981, 1983 ஆகிய மூன்று கலவரங்களிலும் மலையகத் தமிழர் தாக்கப்பட்டனர். அவர் அமைச்சராகவே தொடர்ந்தார். இதற்காக அவரைக் கண்டித்தவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. அதே சமயம், 1984 ஏப்ரலில் அமைச்சராக இருந்துகொண்டே தன் அரசுக்கு எதிராகத் தோட்ட வேலைநிறுத்தம் நடத்தி, பெண்களுக்கு ஆண்களுக்கு நிகரான கூலியை வாங்கித் தந்ததும் அவர்தான். கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள் என்பதால், ஒரே நாளில் குடும்ப வருமானமே மாறிய சாதனை அது.

1986 பொங்கலன்று அவர் தொடங்கிய பிரார்த்தனை இயக்கம் அவருடைய முறையை நன்றாகக் காட்டுகிறது. தொழிலாளர்கள் காலை வேளையில் கோவிலில் கூடிப் பிரார்த்தித்துவிட்டு, பிறகு வேலைக்குப் போக வேண்டும் என்றார். வேலைநிறுத்தம் என்று யாரும் வழக்குப் போட முடியாது. ஆனால் காலைக் கொழுந்து நின்றுபோகும். சில நாட்களிலேயே அரசு இறங்கி வந்தது. இந்தியாவுக்கு விண்ணப்பிக்காமல் நாடற்றவர்களாகவே இருந்த 94,000 பேருக்குக் குடியுரிமை தரும் சட்டம் அந்த ஆண்டே நிறைவேறியது. 1988இல் எஞ்சியவர்களுக்கு இன்னொரு சட்டம் வந்தது. 1948, 1949ஆம் ஆண்டுகளில் மூன்று சட்டங்களால் பறிக்கப்பட்டதை மீட்க ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

மீண்ட வாக்கு எப்படிப் பயன்பட்டது என்பதில்தான் என் இரண்டாவது குறை இருக்கிறது. வாக்கு இல்லாத காலத்தில் சங்க அட்டைதான் அடையாளம். வாக்கு வந்த பிறகும் அது சங்க அட்டையின் வழியாகவே போனது. வேலை, வீடு, துரையோடு பிணக்கு என்று எதற்கும் சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் போக வேண்டியவர், தேர்தலிலும் அவர் சொன்ன சின்னத்துக்கே வாக்களித்தார். அமைச்சராகவும் சங்கத் தலைவராகவும் ஒருவரே இருந்ததால், கூலிப் பேச்சில் எதிரெதிரே உட்கார வேண்டிய இரண்டு பக்கமும் ஒரே ஆளிடம் கலந்தன. லயத்து வீடுகள் பெரும்பாலும் லயமாகவே நீடித்தன. தலைமை பேரன் ஆறுமுகனுக்கும் பின்னர் கொள்ளுப் பேரன் ஜீவனுக்கும் போனது. இவற்றை அவருடைய குணக்குறை என்று மட்டும் எழுதிவிட்டு நகர எனக்கு மனமில்லை. முப்பது ஆண்டுகள் ஒரு சமூகத்துக்குத் தலைவரை மாற்றும் வாக்குச்சீட்டே இல்லாதபோது, தலைவரை மாற்றும் பழக்கம் எங்கிருந்து வரும்?

சுங்கை சிப்புட்டில் அந்தப் பழக்கத்துக்கும் காலம் பிடித்தது. சம்பந்தன் 1960இல் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்பதற்கு எதிராகத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் மாதப் பத்து வெள்ளியை (மலாயா நாணயம்) சேர்த்துத் தோட்டங்கள் வாங்க வைத்தவர். அவருக்குப் பின் 1974 முதல் ம.இ.காவின் ச. சாமிவேலு தொடர்ந்து வென்றார். 2008 மார்ச் 8ஆம் நாள் இதே தோட்டத்து வாக்காளர்கள் அவரைத் தோற்கடித்து, டாக்டர் மைக்கேல் ஜெயக்குமாரை அனுப்பினார்கள். அந்தத் தீர்ப்பு சரியா என்பதில் இவ்வூரில் இன்றும் இரு கருத்து உண்டு; தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் தங்கள் கையில் இருந்தது என்பதில் இரு கருத்து இல்லை. தொண்டமானை வாழ்நாளில் அப்படிச் சோதிக்கும் வாய்ப்பு நுவரெலியாத் தோட்டங்களுக்குப் போதிய அளவு கிடைக்கவில்லை.

அவர் 1999 அக்டோபர் 30ஆம் நாள் காலமானார். இந்தியக் கடவுச்சீட்டு பெற்றும், போரால் தலைமன்னார்க் கப்பல் 1984இல் நின்றுபோனதால் மலையிலேயே தங்கிவிட்டவர்களின் சிக்கல் அவர் காலத்தில் தீரவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் அதைத் தீர்த்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிலையாக வசித்தவரும் அவர் வழிவந்தவரும் குடிமக்கள் என்று அது சொன்னது. கடவுச்சீட்டு வைத்திருந்தவர் ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் போதும். பாட்டனின் பிறப்புச் சான்றை யாரும் கேட்கவில்லை. மலேசியாவில் 60 வயது கடந்த சிவப்பு ஐசிக்காரர்களுக்கு வழிவிடுவதாக 2018இல் அரசு அறிவித்தது. ஆனாலும் ஒவ்வொருவரும் தனித்தனியாக மனுப் போட்டு, இங்கேயே பிறந்ததற்கோ வாழ்ந்ததற்கோ தாள் காட்ட வேண்டியிருக்கிறது. ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனையும் (எண்ணெய்ப்பனையும்) வீடமைப்பும் வந்துவிட்ட தோட்டங்களில், அந்தத் தாளைத் தரக்கூடிய ஆபீசு எப்போதோ மூடப்பட்டுவிட்டது.